அப்பாவின் மஞ்சள் முடிச்சும் பழநி உத்திரமும்

அப்பாவுக்குத் தலைத் திவசம் முடிந்ததும் முதல் மலை பழநிதான், அதுவும் பங்குனி உத்திரத்தன்றே போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். முட்டி வலியோடு அந்தக் கூட்டத்தில் வேண்டாமே என்றேன், கேட்கவில்லை. காரணம் எனக்கும் தெரியும்.

அப்பா பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில் வருஷக் கணக்கு முடிப்பது டிசம்பர் 31-ல். பங்குனியில் லீவு கிடைக்கும், கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடுவார். 1989-ல் அது மார்ச் 31-க்கு மாறியது. உத்திரமும் அதை ஒட்டித்தானே வரும், அத்தோடு நின்றுபோனது. பத்து பைசா இடித்தாலும் அது எங்கே என்று பிடிக்காமல் வீட்டுக்கு வர மாட்டார், நாங்கள் தூங்கியபின் வந்து, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ரிட்டயர் ஆனபின் நடக்கத் தெம்பில்லை, விஞ்சில் ஏற மனம் வரவில்லை.

ஆனால் மாதம் பிறந்தால் சம்பளத்தில் முதல் ஐம்பது ரூபாய் முருகனுக்கு. பீரோவில் மஞ்சள் துணி முடிச்சு, கூடவே நாலாக மடித்த தாளில் தேதி, வரவு, இருப்பு. 2016 நவம்பரில் 500 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும், தான் வேலை பார்த்த பேங்கிலேயே மற்றவர்களோடு வரிசையில் நின்று அதை மாற்றிக்கொண்டு வந்தார். அதையும் எழுதியிருக்கிறார்: "பழைய 500 நோட்டு 4, மாற்றி வைத்தது."

முந்தின நாள் ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து எண்ணினேன். தாளில் இருப்பதை விட ஐம்பது ரூபாய் கூடுதல். மூன்று தடவை எண்ணியும் அதேதான். அப்பா கணக்கு இடிக்காதே என்று நான் முழிக்க, அம்மா மெதுவாகச் சொன்னார், "அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப மாசம் பிறந்துடுச்சு, நான்தான் போட்டேன் கண்ணு. எழுதலை." அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அந்த வரியை நான் எழுதி, கூட்டிப் போட்டேன். சரியாக இருந்தது.

திருஆவினன்குடி கும்பிட்டுவிட்டு யானைப் பாதையில் ஏறினோம். அடிவாரத்தில் படுகிற பாடு கொஞ்சமா? சீக்கிரம் சாமி பார்க்கலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள், வேண்டாம் என்றால் முகம் மாறிவிடுகிறது. வயசானவர்களிடமுமா இப்படி? மேலே வரிசை நகரவே இல்லை, அம்மாவுக்குத் தலை சுற்றியது. காவடி இறக்கி வைத்திருந்த ஒரு தம்பி, யார் பெற்ற பிள்ளையோ, தன் தண்ணீரைக் கொடுத்து, கம்பியோரம் இடம் பண்ணி உட்கார வைத்தார். அந்த நேரத்துக்கு முருகன்தான் அனுப்பினான், வேறென்ன சொல்ல.

சந்நிதியில் ஆண்டிக் கோலம். நாள் முழுக்க ஊரார் பணத்தை எண்ணிவிட்டு வருகிறவனுக்கு, எதுவும் வேண்டாம் என்று கோவணமும் தண்டுமாக நிற்கிறவனைப் பார்த்தால் போதும் என்பார் அப்பா. சின்ன வயதில் அது எனக்குப் புரிந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும், வேண்டிக்கொள்ள நினைத்திருந்த எல்லாம் மறந்துபோய், "அப்பா வந்திருக்கார் முருகா" என்று மட்டும்தான் வாயில் வந்தது. நகருங்க நகருங்க என்று தள்ளிவிட்டார்கள், அரை நிமிஷம்கூட இருக்காது. அதுவே போதும் அப்பனே, கோடி புண்ணியம்.

முடிச்சை உண்டியலில் போடும்போது அம்மா கை நடுங்கியது, நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். தாளையும் உள்ளேயே போட்டுவிடலாமா என்றேன். வேண்டாம் என்று வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் எழுதறேன்" என்றார்.