பிரார்த்தனைப் பியானோவிலிருந்து நடத்துநர் மேடைக்கு

பியானோ படித்த பிள்ளைகள் ஓர்க்கெஸ்ட்ரா (பல வாத்தியக்காரர் கூடி வாசிக்கும் குழு) நடத்தப் போகும் வழியைப் பற்றி எழுதுகிறேன், அதற்கு முன் ஒரு பழைய நினைவு. நம் கல்லூரி மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் நின்ற அப்ரைட் பியானோ இந்த மலரை வாசிக்கிற பலருக்கும் நினைவிருக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்கு அதன் கட்டைகள் ஊறிப்போகும். அழுத்தினால் திரும்பி எழாது. பியானோ ரீச்சர் கீழ்ப்பலகையைக் கழற்றி, கம்பியிலும் மரத்திலும் படாத தூரத்தில் 25 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு இரவும் பகலும் எரியவிடுவார். அந்தச் சிறு சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. சிங்கப்பூர் வீடுகளில் தொல்லை சற்று வேறு மாதிரி. பகலில் குளிரூட்டி, இரவில் திறந்த சன்னல் என்று மாறி மாறி வைத்தால் ஒலிப்பலகை வீங்கிச் சுருங்கும். வீங்கும்போது நடு ஸ்தாயியின் சுருதி ஏறும், காயும்போது இறங்கும். சுருதி சேர்ப்பவர் வந்துபோன இரண்டாம் வாரமே கலைந்துவிட்டது என்று அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இது பக்கப்பேச்சு. நம் பழைய மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைக் குடும்பங்களில் பியானோப் பரீட்சையில் எட்டாம் தரம் முடித்த பிள்ளைகள் சிலர் ஓர்க்கெஸ்ட்ரா நடத்த ஆசைப்படுகிறார்கள், அதற்கு வழி என்ன, அந்தக் காலத்தில் நமக்குப் படிப்பித்ததில் எது அதற்கு உதவும் என்று எழுதுமாறு மலர்க்குழு கேட்டது. என் கணிப்பில், பரீட்சைக்காகத் தேய்த்துத் தேய்த்து வாசித்த மூன்று துண்டுகளைவிடக் காலைப் பிரார்த்தனைக்கு வாசித்ததுதான் அதிகம் உதவும்.

பிரார்த்தனைக்கு வாசிப்பவர் முறைவைத்து மாறுவார். ரீச்சர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, "இண்டைக்குப் பிள்ளையளுக்குத் தொண்டை கட்டியிருக்கு, ஒரு தொனி இறக்கி வாசியும்" என்பார். ஈ ஃபிளாட்டில் அச்சிட்டிருப்பதை அந்த இடத்திலேயே டி ஃபிளாட்டில் வாசிக்க வேண்டும். பின்வரிசை இழுக்கும், அதற்கு இரங்கி வேகத்தைக் குறைத்தால் மண்டபம் முழுவதும் இன்னும் இழுக்கும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சுக்கு இடம் விட வேண்டும், விட்டது தாளத்தைக் குலைக்கவும் கூடாது. பாட்டுக்கு முன் கடைசி அடியை மட்டும் வாசித்துக் காட்டுவது சுருதி, வேகம், மூச்சு மூன்றையும் ஒரே வீச்சில் கொடுக்கத்தான். ஒலி ஒன்றும் எழுப்பாமல் இதையே செய்வது நடத்துநரின் வலக்கை.

ஐரோப்பிய ஒபெரா அரங்குகளில் இந்த வேலை ஒரு முழுநேரத் தொழில். ரெபெடிடர் என்பவர் பாடகர்களோடு வாரக்கணக்கில் பியானோவில் ஒத்திகை பார்ப்பார். ஓர்க்கெஸ்ட்ரா வந்து சேரும்வரை அவரே ஓர்க்கெஸ்ட்ரா. வராத பாடகரின் பகுதியையும் பாடிக்கொண்டே வாசிப்பார். ஹங்கேரியில் பிறந்த நடத்துநர் ஜார்ஜ் ஷோல்ட்டி 1930இல் புடாபெஸ்ட் ஒபெராவில் 18 வயதில் இந்த வேலையில் சேர்ந்தார். அங்கே முதன்முறையாக ஒரு முழு ஒபெராவை நடத்த அவருக்கு இடம் கிடைத்தது 1938 மார்ச்சில், மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. யூதர் என்பதால் அதன்பின் அங்கே வழி அடைபட்டது. போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் நடத்தும் வேலை கிடைக்காமல் பியானோவுக்குத் திரும்பி, 1942இல் ஜெனீவாப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். 1946இல் மியூனிக் ஒபெரா, பிறகு ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், 1969 முதல் 1991 வரை சிகாகோ சிம்ஃபனி.

இந்தக் கதையில் எல்லோரும் பரிசைக் குறித்து வைக்கிறார்கள். எனக்கு அந்த எட்டு ஆண்டு ரெபெடிடர் வேலைதான் பெரிதாகப் படுகிறது. வேறொரு நடத்துநரின் கோலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவருக்கு எந்தக் கை தெளிவு, எந்தக் கை குழப்பம் என்பது தன் விரலிலேயே தெரிந்துவிடும். பத்து நடத்துநர்களிடம் அப்படி வாசித்தவர், கண்ணாடி முன் நின்று கைவீசிப் பழகியவரைவிட வெகுதூரம் முன்னே இருப்பார்.

ரெபெடிடராக முதலில் வேண்டியது ஸ்கோர் வாசிப்பு, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய இசைத்தாளைப் பார்த்துப் பியானோவில் வாசிப்பது. ஐந்தாம் தரக் கோட்பாட்டுப் பரீட்சையில் இதன் விதை இருக்கிறது. பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதியது ஒரு முழுத்தொனி கீழே ஒலிக்கும். ஏ கிளாரினெட் ஒன்றரைத் தொனி கீழே. எஃப் ஹார்ன் மூன்றரைத் தொனி கீழே. வயோலாவுக்கு எழுதுவது ஆல்டோ கிளெஃபில் (கிளெஃப் என்பது வரியில் எந்தச் சுரம் எங்கே என்று காட்டும் குறி). டபுள் பாஸ் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே. ஆறாம் தரத்துக்குப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, மறுநாளே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விரலுக்குக் கொண்டுவர ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இசையமைப்பாளர் பாக்கின் நாலு குரல் கோரல்களை (தேவாலயப் பாட்டுகளை) நாலு வேறு கிளெஃபில் எழுதிய பதிப்பில், ஒரு நாளைக்கு ஒன்று. பிறகு ஹைடனின் நால்வர் தந்தியிசை. நாலு வரிதான், அதில் ஒன்று ஆல்டோ கிளெஃப். அது கைவந்தபின் ஹைடன், மோட்சார்ட் சிம்ஃபனிகளின் மெதுவான பகுதிகள், அங்கேதான் ஹார்னும் கிளாரினெட்டும் இடம்மாறி நுழையும். தினமும் அரைமணி போதும். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணிநேரம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஒட்டாது.

நல்ல பியானோக்காரர்கள் இங்கே செய்யும் தவறு, முதல் வயலினின் ஓட்டங்களை ஒரு சுரம் விடாமல் பிடிக்கப் போய் அடிக் குரலான பாஸை நழுவவிடுவது. பன்னிரண்டு வரி ஸ்கோரை இரண்டு கையால் முழுதாக வாசிக்க முடியாது, முயலவும் வேண்டாம். பாஸ் முதலில், அடுத்து மேல் இசை, மூன்றாவதாக நடுவே சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்புகளான கோர்ட்டுகள். வயலின்களின் வேகமான திரும்பத்திரும்ப அடிகளை வெறும் நீண்ட சுரமாகப் பிடித்தாலும் பாடகருக்குப் போதும். எதை விடுவது என்ற முடிவை நொடிக்கு நொடி எடுக்கும்போதே அந்த இசையின் எலும்புக்கூடு மனதில் ஏறிவிடும்.

மேடையில் ஏறியதும் வரும் சிக்கல்கள் வேறு. பியானோவில் ஒலி விரல் பட்ட கணத்தில் பிறக்கிறது. ஓர்க்கெஸ்ட்ராவில் கை காட்டியபின், சற்றுப் பிந்தித்தான் பிறக்கும். அந்த இடைவெளியில் புதியவர் பதறி, ஒலி வருவதற்காகக் காத்து நிற்பார். அவர் காத்தால் அவர்களும் காப்பார்கள், வேகம் அடிக்கு அடி தேயும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆகவே பத்து மீட்டர் பின்னால் இருக்கும் டிரம்பெட்டின் ஒலி நடத்துநரிடம் வர 0.03 வினாடி ஆகும். டிரம்பெட்காரர் முன்வரிசை வயலினைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசித்தால், போக ஒரு 0.03, வர ஒரு 0.03. அதனால்தான் பின்வரிசையிடம் "கேட்காதீர்கள், பாருங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நடத்துநர் இல்லாத சிறுகுழு இசையான சேம்பர் இசையில் சொல்வதற்கு நேர் எதிர்.

பேதோவனின் ஐந்தாம் சிம்ஃபனித் தொடக்கம் இதற்குப் பெயர்போன கண்ணி. 2/4 தாளம், அவர் கொடுத்த மெட்ரோனோம் குறி மினிம் 108, அதாவது நிமிடத்துக்கு 108 மினிம். ஒரு மினிமுக்கு நாலு குவேவர். முதல் குவேவர் மௌனம், அதன்பின்தான் மூன்று குவேவர். அந்த வேகத்தில் ஒரு குவேவர் என்பது சுமார் 0.14 வினாடி. நம் கச்சேரிகளில் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு மாதிரித்தான், ஆனால் தட்டிக் காட்டத் தாளக்காரரும் இல்லை, முன்னால் ஓடுகிற ஆவர்த்தனமும் இல்லை. பியானோவில் இதை வாசிக்கிறவர் மௌனத்தை வெறும் இடைவெளியாக நினைத்து முதல் சுரத்தில் கையைப் போடுவார். நடத்தும்போதும் அப்படியே சுரத்துக்குக் கையைப் போட்டால், பாதிப் பேர் அதை மௌனத்தின் அடி என்று எடுத்துக்கொண்டு பிந்தி வருவார்கள். அடிக்க வேண்டியது மௌனத்தை. அதற்கு முன் தயார்ப்படுத்தக் கையை உயர்த்திக் காட்டும் எடுப்பு ஒன்றே ஒன்று, சரியான வேகத்தில், கூர்மையாக. முன்கூட்டி இரண்டு அடி எண்ணிக் காட்டினால் யாராவது ஒருவர் முதலாவதிலேயே நுழைந்துவிடுவார்.

இன்னொன்று, சுரத்தின் முடிவு. பியானோவில் பிடித்த சுரம் தானாகத் தேய்ந்து மறையும், அதை எங்கே முடிப்பது என்று வாசிப்பவர் பெரிதாக யோசிப்பதில்லை. ஊதுவாத்தியங்களான ஒபோவும் டிரம்பெட்டும் நிறுத்தச் சொல்லும்வரை அதே பலத்தில் நிற்கும். பியானோவிலிருந்து வந்தவர் நடத்திய கச்சேரிப் பதிவைக் கேட்டால், தொடக்கங்கள் துல்லியமாகவும் முடிவுகள் பிசிறாகவும் இருப்பதைப் பலமுறை கவனிக்கலாம். ஸ்கோரில் ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் முடியும் அடியைப் பென்சிலால் குறித்துக்கொள்வது தவிர இதற்கு மருந்து இல்லை.

சுருதியும் அப்படியே. பியானோக்காரர் தன் வாத்தியத்துக்குத் தானே சுருதி சேர்ப்பதில்லை. பியானோவில் மேஜர் கோர்ட்டின் காந்தாரம், இயற்கைச் சுருதியிலுள்ள அந்தர காந்தாரத்தைவிட, அரைத்தொனியை நூறாகப் பிரித்தால் 14 பங்கு அதிகம். காற்று வாத்தியக்காரர்கள் நீண்ட கோர்ட்டில் அதைத் தாங்களாகவே இறக்கிக்கொள்வார்கள். பியானோவுக்குப் பழகிய காது அதைக் குறைச்சுருதி என்று நினைத்து "ஏற்று" என்று சொல்லிவிடும். இரண்டாம் கிளாரினெட்காரர் ஒன்றும் பேசாமல் முதலாமவரைப் பார்ப்பார். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

இடக்கை வலக்கையைக் கண்ணாடிபோல் திரும்பச் செய்வது, தாளத்தை விட்டுவிட்டு இசையின் ஒவ்வொரு சுரத்தையும் காற்றில் "வாசிப்பது", வில்லின் நீளம் தெரியாமல் மெதுவான ஃபோர்ட்டே (பலத்த ஒலி) கேட்பது எல்லாம் எல்லோருக்கும் வரும், திருத்தவும் படும். வில்லுக்கு மட்டும் ஒரு யோசனை: ஆறு மாதம் வயலின் படியுங்கள். அழகாக வாசிக்க அல்ல, எங்கே வில் தீர்ந்துபோகிறது என்று தெரிந்துகொள்ள.

பியானோவில் இருந்தபடியே நடத்துவது பலருக்கு நடுவழி. பியானோக்காரர் டேனியல் பாரன்போயிம் 1960களில் இங்கிலீஷ் சேம்பர் ஓர்க்கெஸ்ட்ராவோடு மோட்சார்ட்டின் பியானோ கன்சேர்ட்டோக்களை (பியானோவும் ஓர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பவை) இப்படித்தான் நடத்தினார். மூடியை முழுதாகக் கழற்றி, வால்ப்பக்கம் ஓர்க்கெஸ்ட்ராவுக்குள் நுழையும்படி பியானோவைத் திருப்பி, சபைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். மூடி இல்லாததால் ஒலி மேலே போய் அரங்கில் மங்கும். ஓர்க்கெஸ்ட்ராவை அதற்கேற்ப அடக்க வேண்டும். மோட்சார்ட்டின் டி மைனர் கன்சேர்ட்டோவில் பியானோ 77ஆம் பாரில்தான் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நுழைகிறது, தொடக்கத்தில் தாளத்துக்குத் தள்ளி விழும் அடிகளைக் கையால் தாராளமாகப் பிடித்துக் கொடுக்கலாம். பேதோவனின் நாலாம் பியானோ கன்சேர்ட்டோவில் பியானோ முதல் ஐந்து பார் தனியாக ஜி மேஜரில் வாசித்து முடிக்க, தந்திகள் பி மேஜரில் மிக மெல்ல எடுக்க வேண்டும். கை கட்டைமீது இருக்கும்போதே அந்த எடுப்பைக் கொடுப்பது தலையும் மூச்சும்தான். இரண்டு கையும் ஓடுகிற இடங்களில் முதல் வயலின்களின் தலைவரான கொன்சேர்ட்மாஸ்டர் வில்லால் பிடித்துக்கொள்வார். எந்தப் பார் யாருடையது என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யாதவர் இரண்டாம் ஒத்திகையில் திணறுவார்.

வேறு வழியாக வந்தவர்களும் உண்டு. ஜப்பானிய நடத்துநர் செய்ஜி ஓசாவா ரக்பி விளையாட்டில் விரல் உடைந்து பியானோவை விட்டவர். 1959இல் பிரான்சின் பெசன்சோன் நடத்துநர் போட்டியில் வென்று, 1973 முதல் 2002 வரை பாஸ்டன் சிம்ஃபனியை நடத்தினார். கொரியரான மியுங்-வுன் சுங் 1974இல் சாய்கோவ்ஸ்கிப் போட்டியில் பியானோவுக்கு இரண்டாம் பரிசு வாங்கிய பிறகும் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்துநர் ஜூலினியிடம் உதவியாளராகப் போனார். பரிசு பெற்றவரும் இன்னொருவர் பக்கத்தில் உட்காரப் போனதுதான் கவனிக்க வேண்டியது. பியானோக்காரர் அஷ்கனாசிபோல் உலகப் புகழோடு நேரே மேடையேறுவது எல்லோருக்கும் வாய்க்காது.

சிங்கப்பூரில் பியானோ மட்டுமே வாசல் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் சிம்ஃபனி 1979 ஜனவரி 24இல் 41 பேரோடு முதல் கச்சேரி செய்தபோது அதை நடத்திய சூ ஹோய் வயலின்காரர். 2016இல் ஜெர்மனியின் பாம்பர்க்கில் மாலர் நடத்துநர் போட்டியில் வென்ற வோங் கா சுன் தொடக்கப்பள்ளி பேண்டில் டிரம்பெட் போன்ற கார்னெட் ஊதித் தொடங்கியவர். ஊதுகிறவருக்கு மூச்சு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2020இல் சிங்கப்பூர் சிம்ஃபனியின் தலைமை நடத்துநராக வந்த ஹான்ஸ் கிராஃப், ஆஸ்திரியாவின் கிராட்ஸில் பியானோவும் நடத்துதலும் சேர்த்துப் படித்தவர்.

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் மேடைக்குப் பின்னாலுள்ள இருக்கைகளுக்குச் சீட்டு விற்கும் நாட்களில் அங்கேயே வாங்குங்கள். டிம்பனி முரசும் பித்தளை ஊதுவாத்தியங்களும் காதை அடைக்கும், பாடகர் வந்தால் குரல் முதுகுப்பக்கமாகத்தான் கேட்கும். ஆனால் நடத்துநரின் முகமும் எடுப்பும் நேரே தெரியும். பேதோவன் ஸ்கோர்கள் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசம். கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையின் இரண்டு ஆண்டில் விரல் கொஞ்சம் இறுகும், சட்டைப்பை ஸ்கோரை வாசிக்க யாரும் தடுக்கப்போவதில்லை. பள்ளிப் பாடகர் குழு, தேவாலயம், வயலின் பரீட்சைக்குப் போகும் தோழி என்று துணைக்கு வாசிக்கக் கூப்பிடுகிற யாருக்கும் மறுப்புச் சொல்லாதீர்கள்.

நடத்தும் வகுப்பில் சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டு பியானோக்காரர்கள்தான் உங்கள் ஓர்க்கெஸ்ட்ரா. செலவு குறைவு, பாடத்துக்கு நல்லது, ஒரு ஆபத்தும் உண்டு. அவர்கள் கோலின் நுனியிலேயே ஒலி கொடுப்பார்கள், மூச்சு கேட்க மாட்டார்கள், சுருதி விலக மாட்டார்கள். அங்கே பிழையில்லாமல் நடத்திய மாணவர் ஓர்க்கெஸ்ட்ரா முன் நிற்கும் முதல் நாளில் ஒலி பிந்துவதைக் கண்டு கையை நிறுத்திவிடுவார். முடிந்தால் அந்த இரண்டு பியானோவோடு ஒரு ஒபோவையும் ஒரு செல்லோவையும் சேர்த்து உட்காரவையுங்கள். ஒபோ மூச்சு கேட்கும், செல்லோ வில் கேட்கும்.