மறுகுற்றம் என்று எதை எண்ணுவது?

நன்னடத்தைக் கண்காணிப்புத் துறையொன்றின் தரவு ஆய்வுப் பிரிவைக் கவனிக்கும் என்னிடம் மேலிடத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: மறுகுற்ற விகிதம், அதாவது எங்கள் கண்காணிப்புக்கு வந்தவர்களில் மீண்டும் குற்றம் செய்தவர்களின் பங்கு, எவ்வளவு? மீண்டும் கைதானவர்களை எண்ணினால் ஒரு விடை, தண்டனை பெற்றவர்களை மட்டும் எண்ணினால் அதைவிடச் சிறிய விடை. கைது என்பது ஒருவரின் செயலை மட்டுமன்றி, காவலர்கள் எங்கே அதிகம் ரோந்து போகிறார்கள் என்பதையும் சேர்த்தே காட்டுவதால், இரண்டையும் தனித்தனியாகவே அறிக்கையில் தருகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் கண்காணிப்புக்கு வந்தவரையும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தவரையும் ஒரே கூட்டலில் சேர்த்தால், புதியவர்கள் திருந்திவிட்டதுபோல் தோன்றும். உண்மையில், தவறுவதற்கு அவர்களுக்கு இன்னும் நேரமே கிடைக்கவில்லை.

பாதி நாள் பதிவேடுகளைப் பொருத்துவதிலேயே கழிகிறது. நீதிமன்றப் பட்டியலில் முழுப் பெயருடன் இருப்பவர் எங்கள் கோப்பில் முதலெழுத்துகளோடு நிற்பார். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். அப்படி ஒருவரை இருவராக எண்ணிய பிழை என் அறிக்கையிலேயே நேர்ந்ததுண்டு.

சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1928இல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பரோலில் வெளிவந்த 3,000 பேரை 21 காரணிகளின்படி ஆராய்ந்து புள்ளியிட்ட முறையே, ஒருவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் இன்றைய இடர் மதிப்பீட்டுப் படிவங்களுக்கு முன்னோடி. புள்ளி ஒரு குழுவின் சராசரியைத்தான் சொல்கிறது என்பதை, கோப்பைக் கையில் வைத்திருக்கும் நன்னடத்தை அலுவலருக்கு ஒவ்வொரு மாதமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.