கயிறு இழுத்துக் கொடுப்பவர்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். விடுதி வாழ்க்கையையும் பெரிய விளையாட்டுப் போட்டிகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கனடாவின் கல்கரியில் கிடைத்த இரண்டு நண்பர்களைப் பற்றி எழுதுகிறேன். இருவரும் ரோடியோ என்னும் காளை, குதிரைப் போட்டிகளின் வீரர்கள், ஒருவரையொருவர் காதலித்துக் கல்யாணம் செய்த ஆண்கள்.

தொண்ணூறுகளில் நான் ஒரு கால்நடைத் தீவனக் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கேதான் பழக்கம். மூத்தவர் காளையில் ஏறுபவர். இளையவர் குதிரையில் விரட்டிக் கன்றுக்குச் சுருக்கு எறிபவர். ஒருமுறை போட்டிக்குக் கூட்டிப்போய்க் கூண்டருகே நிற்கவிட்டார்கள். மூத்தவர் கையுறையில் பிசினை அழுத்தித் தேய்த்தார். காளையின் நெஞ்சைச் சுற்றிய கயிறு, அதன் அடியில் ஒரு மணி. அந்தக் கயிற்றை மேலிருந்து இன்னொருவர்தான் இழுத்து இறுக்கிக் கொடுக்க வேண்டும். தளர்ந்தால் போட்டி கேட்கும் எட்டு விநாடி காளைமேல் நிலைக்க முடியாது, கை சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நம்பிக்கையான ஆளிடம்தான் அதைக் கொடுப்பார்கள். மூத்தவருக்கு எப்போதும் இளையவரே இழுப்பார். இறுக்கியதும் தோளில் ஒரு தட்டு. ஊர் பார்க்கும் இடத்தில் அதற்குமேல் எதையும் காட்ட அவர்களால் முடியவில்லை.

அப்புறம் கல்கரிக்குப் பக்கத்து ஊரான ஸ்ட்ராத்மோருக்குப் போனோம். அது ஒருபாலீர்ப்பாளர்களே நடத்திய ரோடியோ. இந்த வழக்கம் 1976இல் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கியது. பில் ராக்ஸ்டேல் என்பவர் நற்பணிக்கு நிதி சேர்க்க நடத்தினார். 1985இல் சர்வதேசச் சங்கம் உருவானது. 1988இல் நெவாடாவில் அந்தச் சங்கத்தின் இறுதிப் போட்டியை உள்ளூர் அதிகாரிகள் நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் சங்கத்தினர் விட்டுவிடவில்லை. இந்த ரோடியோவில் பெண்களும் காளையில் ஏறலாம். இருவர் ஓடிப்போய்க் கட்டியிருக்கும் ஆட்டுக்கு உள்ளாடை மாட்டிவிட்டுத் திரும்பும் போட்டியும் உண்டு. என் நண்பர்கள் அதில் தோற்றுப் புழுதியில் உட்கார்ந்து சிரித்தார்கள். இரவு நடனத்தில் தொப்பியைக் கழற்றாமல், பிடித்த கையை விடாமல் ஆடினார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு ஆறுதலை நான் அதுவரை கண்டதில்லை.

2005 ஜூலையில் கனடா முழுவதும் அவர்களுடைய திருமணத்துக்குச் சட்டம் வந்தது. அந்த இலையுதிர்காலத்திலேயே எழுத்து. அல்பேர்ட்டாவில் இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் மூத்தவரின் அக்கா, மற்றவர் நான்.

எங்கள் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். அவன் மனம் யாரிடம் போயிற்று என்பது விடுதி முழுக்கத் தெரியும். பகிடி பண்ணினோமே தவிர, ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசவில்லை. இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் சட்டத்தில் கிடக்கிறது. அவன் இப்போது ஐரோப்பாவில் எங்கோ இருப்பதாகக் கேள்வி.

நமது இரவு விருந்து அழைப்பிதழில் வருடா வருடம் 'குடும்பத்துடன் வருக' என்று அச்சடிக்கிறோம். இம்முறை என் நண்பர்கள் இருவரும் என் மேசைக்கு வருகிறார்கள், செயலாளரிடம் சொல்லிவிட்டேன். மலர் உன் கைக்கு வந்தால், நீயும் உன் ஆளோடு வா மச்சான். டிக்கெட் என் பொறுப்பு.