வண்டி கண்ணாடி மோட்டார் மாத்துன கதை

ஐப்பசி அடைமழை நேரம், மன்னார்குடிலேந்து கும்பகோணத்துக்கு லோடு ஏத்திட்டு போறோம், நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு காத்துக்காக ரெண்டு பக்க கண்ணாடியையும் இறக்கி விட்டிருந்தோம், திடீர்னு மழை ஊத்துது, இடது பக்கம் மட்டும் ஏறவே மாட்டேங்குது. அந்த பக்கம் உக்காந்திருந்த மச்சான் மடியில சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருந்துச்சு, கொள்முதல் நிலையத்துல கேக்குற பேப்பர் அதான். சட்டைக்குள்ள வச்சு காப்பாத்துனாரு பாவம்.

மறுநாள் வீட்டு வாசல்லயே பிரிச்சேன். சுவிட்ச அமுக்குனா டிக்குனு சத்தம் கேட்டு உள் லைட்டு லேசா மங்குச்சு, அப்ப கரண்ட் போகுது, மோட்டார்தான் இறுகியிருக்குன்னு புரிஞ்சுது. சத்தமே வரலன்னா முதல்ல ஃபியூஸ பாருங்க, அப்புறம் கதவு கீல்கிட்ட ரப்பர் குழாய்க்குள்ள போற வயர பாருங்க, கதவ தொறந்து மூடி தொறந்து மூடி அங்கதான் அறுந்து போகும். டோர் பேட, அதான் கதவோட உள்பக்க அட்டைய, கழட்டுனதும் மோட்டார் கப்ளர (வயர் வந்து சேர்ற பிளக்கு) உருவிட்டு பேட்டரிலேந்து நேரா ரெண்டு வயர் குடுத்தேன், வயர மாத்தி குடுத்தா எதிர் பக்கம் சுத்தணும், ரெண்டு பக்கமும் அசையல.

இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டர்லேந்து கண்ணாடிய கழட்டி, கையால மேல தூக்கி டேப் போட்டு ஒட்டிட்டுதான் மோட்டார தொடணும். கத்திரி மாதிரி கை வச்ச ரெகுலேட்டர்னா அதுல பெரிய ஸ்பிரிங் இருக்கும், மோட்டார கழட்டுன நொடியே அந்த கை வேகமா அடிக்கும், விரல் போயிடும். மொதல்ல அத நல்லா கட்டுங்க. புது மோட்டார் வாங்கறப்ப இடதா வலதான்னு சொல்லி வாங்குங்க, பெரும்பாலும் ஒண்ணுக்கு ஒண்ணு சேராது.

ஆனா எனக்கு மனசு கஷ்டமானது மோட்டார் போனதுல இல்ல. கதவு அடியில கை விட்டா தண்ணி, அதுக்குள்ள ஒரு பிடி பதரும் வைக்கோல் தூசியும் ஊறி சேறாட்டம் கெடக்கு! கண்ணாடி ஓரமா கதவுக்குள்ள தண்ணி இறங்கத்தான் செய்யும், அது வெளிய போறதுக்கு அடியில ஓட்டை வச்சிருப்பாங்க, நம்ம ஊர்ல நெல் ஏத்துற வண்டிக்கு அந்த ஓட்டை பூரா அடைஞ்சிடுது. போதாததுக்கு முன்ன ஸ்பீக்கர் மாட்டுன கடையில டோர் பேடுக்கு பின்னாடி இருக்குற பாலித்தீன் ஷீட்ட கிழிச்சு எறிஞ்சிருக்காங்க. ஈரத்துலயே கெடந்து மோட்டார் துரு பிடிச்சு போச்சு. இத சரி பண்ணாம புது மோட்டார் போட்டா அதுவும் அடுத்த மழைக்கு தாங்காது.

சைக்கிள் போக்கம்பிய விட்டு ஓட்டை எல்லாத்தையும் குத்தி எடுத்தேன். கண்ணாடி ஓடுற ரப்பர் சேனல்லயும் பதர் அடைஞ்சிருந்துச்சு, தொடச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சேன், அங்க கிரீஸ் மட்டும் வைக்காதீங்க, தூசிய இழுத்து ஒட்டிக்கும். பேட மூடுறதுக்கு முன்னாடி புது மோட்டார்ல கப்ளர மாட்டி நாலு தடவ ஏத்தி இறக்கி பாத்துட்டு, தடி பாலித்தீன்ல புது ஷீட்டு வெட்டி, கீழ் ஓரத்த கதவுக்கு உள்பக்கமா விட்டு ஒட்டுனேன், அப்பதான் தண்ணி ஓட்டைக்கு போகும்.

நேத்து ராத்திரி நல்ல மழை. காலைல எழுந்து பாத்தா இடது கதவுக்கு அடியில சொட்டு சொட்டா வடிஞ்சுகிட்டு இருக்கு. வலது கதவுல ஒரு சொட்டு இல்ல, மழை விட்டதும் அதையும் பிரிக்கணும்.