ஆயில் சீல் மாற்றியும் நிற்காத ஒழுக்கு: பழைய பிக்கப்பை இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் பண்ண வைத்த கதை

சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும் என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பாஸாகாவிட்டால் சாலை வரி புதுப்பிக்க முடியாது. ஏர்கான் சர்வீஸ் தொழிலில் இருக்கிற எனக்கு வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

அப்படிப் பரிசோதனைக்குப் போன என் பழைய பிக்கப்பில் பிரேக், புகை, விளக்கு எல்லாம் சரி. அடிப்பக்கம் பார்த்தவர் டார்ச்சைப் பின்பக்க டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரச் சட்டி) மீது அடித்துக் காட்டினார். ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான பினியன் சீல் பக்கம் ஆயில் கசிந்து, சட்டி முழுக்கக் கறுப்பாகப் படிந்திருந்தது. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து அசைத்தார். அதன் முனையில் மடங்கிச் சுழலும் மூட்டான யூனிவர்சல் ஜாயிண்ட்டிலும் ஆட்டம். ஃபெயில்.

ஜாயிண்ட் அன்றே மாற்றியாயிற்று. ஆனால் பினியன் சீல் என்னை அலைக்கழித்துவிட்டது. புது சீல் போட்ட கொஞ்ச நாளிலேயே அதே இடத்தில் ஈரம். திரும்பக் கொண்டுபோனால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மறுபடி சீல், மறுபடி கூலி. துவாஸ் வரை ஒரு ஓட்டம் போய் வந்து பார்த்தால் மறுபடி ஒழுக்கு! சீலை மாற்றத் தெரிந்தவர்களுக்கு அது ஏன் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

காக்கி புக்கிட்டில் வயதான ஒரு தமிழ் மெக்கானிக் இருக்கிறார் என்று நண்பர் சொல்லி அங்கே போனேன். அவர் சீலைத் தொடவே இல்லை. பின் ஆக்ஸில் மேலே, உள்ளிருக்கும் காற்று வெளியேற வைத்திருக்கும் சின்ன ப்ரீதரைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. "தம்பி, சீல் மேல தப்பே இல்ல. ஓட ஓட உள்ள சூடாகுது, காத்து விரியுது. வெளிய போக வழியில்லன்னா சீலைத் தள்ளிட்டுத்தான் ஆயில் வரும்" என்றார். புது ப்ரீதர் போட்டார். பழைய சீலைக் கழற்றி, சீல் உட்காரும் ஃபிளேஞ்சை (ஷாஃப்ட்டை மாட்டும் இணைப்புத் துண்டு) என் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காதாம். எங்கும் மாட்டவில்லை, வழவழவென்று இருந்தது. அப்புறம்தான் நல்ல சீல் ஒன்றைப் போட்டார்.

இந்த வேலைக்கு வண்டியைக் கொடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்: அந்த ஃபிளேஞ்சைப் பிடித்திருக்கும் பினியன் நட்டை இம்பாக்ட் கன் (நட்டை வேகமாக முறுக்கும் கருவி) வைத்துக் கண்டபடி முறுக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்லீவ் என்ற குட்டிக் குழாய் அளவுக்கு மேல் நசுங்கினால் பேரிங் இறுகிப்போய், ஓடும்போது ஊளைச் சத்தம் வரும். டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது, ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். வடித்த பிறகு அது வரவில்லை என்றால் வண்டியை நகர்த்தவே முடியாது. ஆயிலை வடிக்கும் துளையின் போல்ட்டில் உள்ள காந்தத்தில் மைபோல ஒட்டியிருந்தால் பயமில்லை. உலோகச் சில்லு இருந்தால் பல்சக்கரத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச் விடும்போது 'டக்'கென்று சத்தம் வந்தாலோ, ஜாயிண்ட் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஒன்றோடொன்று சேரும் இரண்டு ஃபிளேஞ்சிலும் கோடு போட்டு, அதே நிலையில் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரைவுச்சாலையில் வண்டி உதறும். முக்கியமாக, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரும் அடியில் படுக்கக்கூடாது. ஷாஃப்ட் கழன்றதும் கியரில் போட்டிருந்தாலும் பின்சக்கரம் நிற்காது. சில லாரிகளில் ஹேண்ட் பிரேக்கே ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. அதில் அதுவும் உதவாது.

மறுபரிசோதனையில் பாஸ். ரசீதுகளோடு பழைய பட்டறைக்குப் போய், வேண்டாத சீலுக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கேட்டேன். பாதி கொடுத்தார்கள். மீதியையும் விடப்போவதில்லை.