இரும்புக்கையின் சொந்த ஊர்

ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற பெயர் என் காதில் விழுவதற்கு முன்பே அவருடைய படங்களோடு இருபது வருடம் பழகியிருந்தேன். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் அவர்தான். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அந்தக் கதைதான். மாமா வீட்டுப் பரணில் கிடந்த அந்தப் பழைய இதழ்களைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன். படம் போட்டவர் யார் என்று அதில் எங்கும் இருக்காது. இதில் சிவகாசிக்காரர்களின் தவறு எதுவும் இல்லை. 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியன்ட்' வார இதழில் கதை தொடங்கியபோதே ஓவியரின் பெயரைப் போடும் வழக்கம் அங்கே கிடையாது. வாரம் தவறாமல் வரைந்து அனுப்பியவர் பார்சிலோனாவில் உட்கார்ந்திருக்கிறார், படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் இருப்பதே தெரியாது.

அதனால்தான் பார்சிலோனாவுக்கு டிக்கெட் போட்டபோது, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருக்கும்படி நாள் பார்த்துப் போட்டேன். சான்ட் அந்தோனி சந்தையில் பழைய புத்தகக் கடைகள் ஞாயிறு காலையில்தான் கூடும், மதியத்தோடு முடிந்துவிடும்.

மெட்ரோவில் இறங்கி மேலே ஏறினால் எதிரிலேயே சந்தை. 1882-ல் இரும்பால் கட்டிய கட்டடம், மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். பல வருடம் மூடி வைத்துப் புதுப்பித்து 2018-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். காய்கறியும் மீனும் உள்ளே. வெளியே கூரைக்கு அடியில் வரிசையாகப் புத்தகக் கடைகள். ஒரு மூலையில் பொடிப் பையன்கள் கையில் கத்தையாக ஸ்டிக்கர்களை வைத்துக்கொண்டு, இருப்பது எது, இல்லாதது எது என்று பேரம் பேசி மாற்றிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டிப் படம் மாற்றிய கை எனக்கு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

காமிக்ஸை ஸ்பானிஷ்காரர்கள் 'தெபேயோ' என்கிறார்கள். 1917-ல் இதே ஊரில் தொடங்கிய 'டி.பி.ஓ.' என்ற பத்திரிகையின் பெயரே அந்த வகைக்கெல்லாம் பெயராகிவிட்டது. நாம் எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிறோமே, அதே கதை.

நான்கைந்து கடை தாண்டி, ஒரு பெரியவரிடம் "பிளாஸ்கோ?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தார். மாயாவி வருவார் என்று எதிர்பார்த்தால், வந்தது ஒரு சின்னப் பெண். 'அனிதா திமினுதா'. பொடிசு அனிதா என்று நம் வழக்கில் சொல்லலாம். 1941-ல் 'மிஸ் சீகாஸ்' என்ற சிறுமியர் இதழில் பிளாஸ்கோ தொடங்கிய மாயாஜாலக் கதை. கராஸ்பியா என்றொரு சூனியக்காரி அவளை விடாமல் துரத்துவாள்.

அந்த இதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, அவரே பக்கம் புரட்டிக் காட்டினார். ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்த காலத்துத் தாள். ஆனால் கோடு அப்படியே இருக்கிறது. அனிதாவின் முகத்தில் பேனா பட்டும் படாமல் போயிருக்கிறது. சூனியக்காரி வரும் இடத்தில் பிரஷ்ஷை அழுத்தி, கருமையைக் குழைத்து அப்பியிருக்கிறார். இதை வரைந்தபோது அவருக்கு 22 வயதுகூட ஆகவில்லை. அதற்குள் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையில் நின்று, தோற்று, பிரான்சில் முகாமில் அடைபட்டு, ஊர் திரும்பியிருந்தார். திரும்பி வந்து இந்தப் பிள்ளையை வரைந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மாயாவியிலும் அதே கருமைதான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும், அதுதான் கதையின் உயிர். ஆளே இல்லாத கட்டத்தை எப்படி வரைவது? பிளாஸ்கோ சுற்றியிருக்கும் இருட்டை அவ்வளவு கவனமாக வரைவார். கதவின் விளிம்பு, விளக்கடியில் பாதி தெரியும் ஒரு காவலாளி முகம், நடுவில் மிதக்கும் கை. இல்லாத ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் பரணடியில் பயந்தேனே, அது அந்த இருட்டுக்குத்தான் என்று இப்போது புரிகிறது. என்னைக் கேட்டால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் இவரளவுக்கு இருட்டைக் கையாண்டவர் வேறு யாரும் இல்லை.

அவருடைய தம்பிகளும் தங்கை பிலியும்கூட ஓவியர்கள், பல வேலைகளில் கூடவே இருந்து வரைந்திருக்கிறார்கள். 1982-ல் இத்தாலியின் லூக்கா விழாவில் அவருக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். 1995-ல் காலமானார். நம் ஊரில் அவர் வரைந்த கையை எத்தனை பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தார்கள் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சரி, அந்தப் பெரியவரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்து, என்னிடமிருந்த முத்து காமிக்ஸ் அட்டைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சார்பா தே அசேரோ!" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். எஃகு நகம் என்று அர்த்தம், ஸ்பானிஷில் மாயாவிக்கு அதுதான் பெயர். நம் தமிழ் எழுத்தை விரலால் தொட்டு, இதை எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டார்.

"மாயாவி."

"மா-யா-பி," என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் 'பி'தான் வந்தது. அப்புறம் மேஜைக்கு அடியில் கைவிட்டு, நம் பாக்கெட் சைஸ் காமிக்ஸ் அளவில், தடிமனாக ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கறுப்பு வெள்ளை, 1960-களின் பதிப்பு. அனிதாவுக்கு 18 யூரோ வாங்கிக்கொண்டார். மாயாவிக்குக் காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.