லிஃப்ட் இல்லாத மலைக்கு முதல் ஸ்கீ: சப்பாத்திலிருந்து தொடங்குவோம்

சுவிற்சர்லாந்தில் வாழும் எங்கள் குடும்பங்களுக்குள் ஸ்கீ பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட முகாம் வழியாகத்தான் நுழைகிறது. பிள்ளைக்குத் துணையாகச் சறுக்கப் பழகிய பெற்றோர் சிலர், சில குளிர்காலங்கள் கழிந்ததும் மலைக்கு ஏற்றிவிடும் லிஃப்டின் வரிசையும் நாள் சீட்டின் விலையும் அலுத்துப்போய், ஸ்கீயின் அடியில் தோலை ஒட்டிக்கொண்டு தங்கள் காலாலேயே மலையேறி இறங்கும் ஸ்கீ டூரின் பக்கம் திரும்புகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: எந்த ஸ்கீ வாங்கலாம்? ஸ்கீயைப் பிறகு பார்க்கலாம், முதலில் சப்பாத்து வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் எளிய கணக்கு. பேர்ண் மாநிலத்தின் டீம்டிக்டால் பள்ளத்தாக்கில், கிரிமியால்ப்பிலிருந்து ஏறும் ரவுஃப்லிஹோர்ன் என்ற 2322 மீற்றர் உயர மலை, புதியவர்களும் போகக்கூடியது என்று பெயரெடுத்த ஒன்று. அதற்கு ஏறத்தாழ 1100 மீற்றர் ஏற வேண்டும். சாதாரண உடல்வலு உள்ள ஒருவர் மணிக்கு 300 முதல் 400 மீற்றர் வரை ஏறுவார் என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்துக்கு மூன்று மணித்தியாலம் அளவில் போய்விடும். இறக்கம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே அந்த நாளின் பெரும் பகுதியில் நீங்கள் சறுக்குபவர் அல்லர், நடப்பவர். சப்பாத்து, அதை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங், ஸ்கீ ஆகிய மூன்றின் எடையையும் ஒவ்வொரு அடியிலும் உங்கள் கால் முன்னே இழுக்கிறது. முதுகுப்பையில் ஒரு கிலோ கூடினால் பொறுத்துக்கொள்ளலாம், காலில் கூடினால் உச்சிக்குப் போவதற்குள் தெரிந்துவிடும்.

சறுக்குப்பாதைக்கான சப்பாத்துக்கும் டூர் சப்பாத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு கணுக்காலில் இருக்கிறது. டூர் சப்பாத்தின் பின்புறத்தில் உள்ள நெம்பை நிமிர்த்தினால் கெண்டைக்காலைச் சுற்றிய பகுதி முன்னும் பின்னும் தாராளமாக அசையும், மடக்கினால் சறுக்குவதற்கு ஏற்றபடி இறுகும். அடிப்பக்கம் மலைச் சப்பாத்தைப் போலப் பள்ளங்கள் கொண்ட றபராக இருக்கும். பாறையிலும் உறைந்த வண்டிப்பாதையிலும் நடக்க அது வேண்டும். முதற் சப்பாத்துக்கு ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ வரையான எடை பொருத்தமானது. அதைவிட இலேசானவை பந்தயக்காரருக்கு உரியவை. பாரமானவை இறக்கத்தில் நம்பிக்கையைத் தரும், ஆனால் ஏற்றத்தில் அதற்கு விலை கேட்கும். சப்பாத்தின் விறைப்பைக் குறிக்க 100, 110, 120 என்று எழுதியிருக்கும் எண்களைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை, ஏனெனில் அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது; ஒரு நிறுவனத்தின் 110 இன்னொரு நிறுவனத்தின் 120ஐ விட விறைப்பாக இருக்கலாம்.

கடைக்குப் பின்னேரத்தில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஒரு சோடி மெல்லிய நீளக் காலுறையைக் கொண்டுபோய், அளவைப் பார்க்கும்போது முதலில் உள்ளுறையைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொடும் வரை தள்ளி நின்றால், குதிக்குப் பின்னால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். விற்பனையாளர் தன் இரண்டு விரல்களை அங்கே நுழைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்க்காமல், சப்பாத்தைப் போட்டுவிட்டுப் “பிடிக்கிறதா?” என்று மட்டும் கேட்கும் கடையை விட்டு வெளியே வருவது நல்லது. அரை அளவுகளை நம்பி ஏமாற வேண்டாம்: 26 உம் 26.5 உம் பெரும்பாலும் ஒரே வெளிக்கூடுதான். உள்ளுறையைச் சூடாக்கி உங்கள் காலின் வடிவத்துக்குப் படியச் செய்வார்கள், அகலம் போதாத இடத்தில் கூட்டையே சூடாக்கி வெளியே தள்ளுவார்கள். இந்த வேலைகளுக்காகவே சப்பாத்தை இணையத்தில் மலிவாக வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் பெரிதாக மின்னுகிறது என்பதற்கு இங்கே எந்தப் பொருளும் இல்லை. ஸ்கார்ப்பா நிறுவனத்தின் மாஸ்ட்ராலே என்ற சப்பாத்து நண்பருக்குப் பொருந்தியதென்றால், நண்பரின் கால் அந்த அச்சுக்கு அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பைண்டிங். ஒஸ்திரியரான ஃபிரிற்ஸ் பார்ட்டெல் 1980களில் உருவாக்கி, பின்னர் டைனாஃபிட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பையே இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. சப்பாத்தின் முன்முனையில் இரு பக்கமும் உள்ள உலோகக் குழிகளை முன்பகுதியின் இரண்டு ஊசிகள் கவ்வுகின்றன. இறங்கும்போது பின்பகுதியின் இரண்டு ஊசிகள் குதியையும் பிடித்துக்கொள்கின்றன. நடக்கும்போது குதி விடுபட்டிருப்பதால் ஸ்கீ முழுவதையும் தூக்காமல், அதைப் பனியில் இழுத்தபடி நடக்கலாம். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் தடுப்போடு சேர்த்து ஒன்று 350 முதல் 600 கிராம் வரை இருக்கும் இந்த வகையே புதியவருக்குப் போதும். 2018இல் வெளிவந்த சலோமோனின் ஷிஃப்ட் போன்ற கலப்பு வகைகள் இறக்கத்தில் சறுக்குப்பாதை பைண்டிங்கைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் ஒன்று ஒரு கிலோவை நெருங்கும். மிக இலேசான சப்பாத்துகள் அவற்றில் பொருந்தவும் மாட்டா. ஆண்டின் பெரும்பகுதியை லிஃப்டில் கழிப்பவருக்கு அது சரி. குதியோடு ஒரு சட்டம் முழுவதும் மேலெழும் பழைய வகை மலிவாகக் கிடைக்கும். பாரத்தைப் பார்த்தால் அந்த மலிவு வேண்டாம்.

இந்த ஊசி பைண்டிங்குக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முன்பகுதியின் அடியிலுள்ள சுருள்வில்லுக்குள் பனி நெரிந்து கட்டியாகிவிட்டால் ஊசிகள் முழுதாக மூடமாட்டா. பார்வைக்கு மூடியதுபோலவே தெரியும், முதல் திருப்பத்தில் ஸ்கீ கழன்று போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் தடியின் நுனியால் அந்த இடத்தைச் சுரண்டி, சப்பாத்தின் குழிகளையும் துடைத்து, மாட்டிய பின் காலை நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஏறும்போது முன் நெம்பைப் பூட்டுவோம். இறங்கும்போது அதை விடுவிக்க மறந்தால், விழுந்த நேரத்தில் ஸ்கீ கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். வழமையான ஊசி பைண்டிங் பக்கவாட்டில் விடுபடுவது குதியில்தான். கண்டர்டாலில் உள்ள ஃபிரிற்ஷி நிறுவனத்தின் வீபெக், டெக்டன் வகைகளில் முன்பகுதியும் பக்கவாட்டில் விடுபடும், அதற்காகச் சில கிராம் கூடச் சுமக்கலாம் என்பது என் கருத்து. விடுபடும் விசையை உங்கள் எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டுக் கடைக்காரர்தான் பொருத்த வேண்டும்.

ஸ்கீயைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. நடுப்பகுதி 85 முதல் 95 மில்லிமீற்றர் அகலம், ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ, நீளம் உங்கள் உயரம் அல்லது அதைவிட ஐந்து பத்துச் சென்ரிமீற்றர் குறைவு என்பதற்குள் எதை எடுத்தாலும் முதல் சில ஆண்டுகளுக்குப் போதும். படங்களில் வரும் அகன்ற ஸ்கீ ஆழ்ந்த புதுப்பனிக்கு இனிமையானது. ஆனால் அல்ப்ஸில் காலையில் உறைந்த சரிவைக் குறுக்கே கடக்கும்போது, அகலம் குறைந்ததன் விளிம்பே உறுதியாகப் பிடிக்கும். உறைபனிக்கென்று பைண்டிங்கில் மாட்டும் பற்கள் கொண்ட இரும்பையும் ஸ்கீயோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்; அது பைண்டிங்கின் வகைக்கும் ஸ்கீயின் அகலத்துக்கும் பொருந்த வேண்டும்.

தோல் என்று சொன்னாலும் அது நெய்த இழைதான். மொஹேர் ஆட்டு உரோமம் நன்றாக வழுக்கும், நைலோன் நீடித்து உழைக்கும். இரண்டும் கலந்தது முதல் தோலுக்கு உகந்தது. கோல்டெக்ஸ், பொமோக்கா இரண்டும் இந்நாட்டு நிறுவனங்களே. ஸ்கீயின் வடிவத்துக்கு வெட்டும்போது இரு பக்கமும் உலோக விளிம்பு மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

பனிச்சரிவுக் கருவிகளில் பேரம் பேச இடமில்லை. 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும், மூன்று அன்ரெனா கொண்ட, பனியில் புதைந்தவரைத் தேடும் எல்விஎஸ் கருவி, குறைந்தது 240 சென்ரிமீற்றர் நீளத் துழாவுகோல், உலோக மண்வெட்டி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், ஏனெனில் உங்களிடம் உள்ளவை காப்பாற்றுவது உங்களை அல்ல, உங்கள் துணையை. புதைந்தவர் உயிரோடு மீளும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குப் பின் கடுமையாகச் சரிகிறது; ஹெலிகொப்டர் அதற்குள் வந்து சேரும் என்று நம்ப முடியாது. எல்விஎஸ் கருவியைப் புதிதாகவே வாங்குங்கள். கைபேசியிலிருந்து அதை 20 சென்ரிமீற்றராவது தள்ளி அணியுங்கள், தேடும்போது 50. சுவிஸ் அல்பைன் கழகத்தின் கிளைகள் நடத்தும் தொடக்கப் பயிற்சி ஒன்றுக்கான கட்டணத்தையும் இந்தக் கருவிகளின் விலையோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்; தாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனமான எஸ்எல்எஃப் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை வாசிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பைண்டிங்கும் உதவாது.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் 2000 பிராங்கைத் தாண்டிவிடும். ஆகவே முதல் குளிர்காலத்துக்குச் சப்பாத்தையும் பனிச்சரிவுக் கருவிகளையும் மட்டும் சொந்தமாக வாங்கி, ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பல அளவுகளையும் அகலங்களையும் காலில் போட்டுப் பார்க்க அது வழிசெய்யும். சில கடைகள் வாடகையைப் பின்னர் விலையில் கழித்துக்கொள்கின்றன. சப்பாத்துக்கு எல்லா அளவுகளும் இருக்கும் கார்த்திகை மாதமே ஏற்ற காலம். ஸ்கீக்குச் சித்திரை வரை பொறுத்திருந்தால், வாடகைக்கு ஓடிய சோடிகள் பைண்டிங்கோடும் தோலோடும் விற்பனைக்கு வரும். அப்படி வாங்கும்போது பைண்டிங்கைச் சுற்றிப் பழைய துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஏற்கெனவே பல தடவை துளையிட்ட ஸ்கீயில் உங்கள் சப்பாத்தின் நீளத்துக்குப் புதிதாகத் துளையிட இடம் இருக்காது.